எஃப் 0.95 லென்ஸை எடைபோடுவது எப்படி?

லென்ஸின் மேல் எஃப் 0.95 என்று பொறித்திருந்தால், கேமரா மோகம் கொண்டவர்களுக்கு அந்த எண்ணைத் தவிர வேறெதுவும் கண்ணில் படுவதில்லை. ஜப்பானின் கோசினா நிறுவனம் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராக்களுக்காக 2010-இல் கொண்டுவந்த ஃபோக்ட்லெண்டர் நாக்டன் 25 மி.மீ. அப்படிப் பேர் வாங்கிய லென்ஸ். (ஃபோக்ட்லெண்டர் 1756-இல் வியன்னாவில் தொடங்கிய நிறுவனம், அந்தப் பெயர் 1999 முதல் கோசினாவின் லென்ஸ்களில் இருக்கிறது.) இதில் ஜூம் கிடையாது, ஆட்டோஃபோகஸ் கிடையாது, கேமராவோடு பேசும் மின் இணைப்புகூடக் கிடையாது. உலோகமும் கண்ணாடியுமாக 410 கிராம். இப்படிப்பட்ட லென்ஸையும் கட்டம் போட்ட அட்டையைப் படமெடுத்து, மூலைகளின் கூர்மையைப் பார்த்துத் தீர்ப்பெழுதும் வழக்கம் இருக்கிறது. அது தவறான உரைகல். கையால் ஃபோகஸ் செய்யும் லென்ஸை, காட்சியைக் காட்டும் கேமராத் திரையோடு சேர்த்துத்தான் எடைபோட முடியும்.

குவியத் தூரத்தைத் திறப்பின் விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண். அது சிறுக்கச் சிறுக்க வெளிச்சம் பெருகும். எஃப் 1.8 லென்ஸைவிட 0.95 சுமார் மூன்றரை மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. மங்கலான அறையில் அங்கே 1/30 வினாடி தேவைப்பட்டால் இங்கே 1/100 போதும். கேமராவுக்குள் இருக்கும் நடுக்கத் தடுப்பு கை ஆடுவதைச் சமாளிக்கும். எதிரில் இருப்பவர் தலையைத் திருப்புவதை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஆதாயம் இவ்வளவு என்றால் அதற்கான விலையும் உண்டு. 1 மீட்டர் தொலைவில் கூர்மையாகத் தெரியும் ஆழம் ஏறக்குறைய 4.5 செ.மீ.தான். அரை மீட்டருக்கு நெருங்கினால் 1 செ.மீ. முகம் சற்றே திரும்பியிருந்தால் ஒரு கண் தெளிவாகவும் மறு கண் கலங்கலாகவும் விழும்.

இந்த மெல்லிய ஆழத்தை எதைக்கொண்டு பார்ப்பது? டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராக்களின் ஃபோகஸ் திரைகள் பளிச்சென்று தெரிவதற்காகச் செய்யப்பட்டவை, எஃப் 2.8-ஐவிட அகலமாகத் திறந்தால் ஆழம் குறைவதை அவை சரியாகக் காட்டுவதில்லை. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் போன்ற மிரர்லெஸ் கேமரா சென்சாரில் விழுவதையே காட்டுகிறது, வேண்டிய இடத்தைப் பெரிதாக்கியும் காட்டுகிறது. ஆனால் விளிம்புகளுக்கு நிறம் தீட்டும் ‘ஃபோகஸ் பீக்கிங்’ வசதியை நம்பி 0.95-இல் இறங்கினால் ஏமாற்றம்தான். முழுதாகத் திறந்த நிலையில் இந்த லென்ஸ் காட்சியின் மேல் மெல்லிய பால்படலம் போர்த்தியதுபோல் காட்டும். கண்ணாடியின் ஓரத்திலும் நடுவிலும் புகும் கதிர்கள் ஒரே இடத்தில் குவியாததால் வருவது அது. மாறுபாடு குறைந்த அந்தக் காட்சியில் பீக்கிங் எது சரியான கோடு என்று தடுமாறும். பெரிதாக்கிப் பார்ப்பதே வழி. இதே கோளாறால், திறப்பைச் சுருக்கும்போது ஃபோகஸ் சற்று நகர்வதும் உண்டு. குறையாகச் சொல்லப்படும் மின் இணைப்பின்மை இங்கே உதவிக்கு வருகிறது: திறப்பு வளையம் நேரடி இயந்திர வளையம் என்பதால், எந்தத் திறப்பில் படமெடுக்கிறோமோ அதே திறப்பில்தான் பார்த்து ஃபோகஸ் செய்கிறோம். எஃப் 2-க்குச் சுருக்கினால் படலம் பெருமளவு விலகிக் காட்சி இறுகிவிடும். மென்மையும் கூர்மையும் ஒரே லென்ஸில் கிடைப்பதைக் குறை என்று மட்டும் எழுதுவது நியாயமில்லை.

கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ் வந்தபின் இந்தப் பாடு எதற்கு என்று கேட்கலாம். ஓடும் குழந்தையையும் கல்யாண மேடையையும் எடுப்பவருக்கு அந்தக் கேள்வி முற்றிலும் சரி. அவர் 2016-இல் வந்த ஒலிம்பஸ் 25 மி.மீ. எஃப் 1.2 பக்கம் போகலாம். வீடியோவில் நிலைமை வேறு. பெரும்பாலான ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களில் வளையம் ஒரு மோட்டாருக்குக் கட்டளை இடுகிறது, அவ்வளவே. அவற்றில் பலவற்றில் வேகமாகத் திருப்பினால் ஒரு தூரம், மெதுவாகத் திருப்பினால் வேறொரு தூரம். நாக்டனின் மரை எத்தனை முறை திருப்பினாலும் அதே புள்ளிக்குத் திரும்பும். ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்கு ஃபோகஸை நகர்த்துபவர் வளையத்தில் குறி போட்டுக்கொள்ளலாம்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சார் 17.3 × 13 மி.மீ.; நீள அகலத்தில் ஃபுல் ஃப்ரேமில் ஏறக்குறையப் பாதி. ஆகவே 25 மி.மீ. எஃப் 0.95 தரும் பார்வைக் கோணமும் பின்னணி மங்கலும் ஃபுல் ஃப்ரேமில் 50 மி.மீ. எஃப் 1.9 தருவதற்குச் சமம். அங்கே சாதாரண 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸே ஆட்டோஃபோகஸோடு அதைச் செய்துவிடும். இதற்கு மறுப்பு இல்லை. பின்னணி மங்கலுக்காக மட்டும் 0.95 வாங்குவது பணத்துக்குக் கேடு. ஆனால் அந்த 50 மி.மீ. லென்ஸ்களில் பல 40 செ.மீ. அருகில் நின்றுவிடும்; நாக்டன் 17 செ.மீ. வரை நெருங்கும். சிறிய கேமராவை ஏற்கெனவே வைத்திருப்பவருக்குக் கணக்கு அங்கே மாறுகிறது. நண்பகல் வெயிலில் 0.95 வேண்டுமென்றால் வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டரும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும். 1/4000 வினாடி ஷட்டர் போதாது.

வாங்குமுன் செய்யத்தக்க சோதனை எளியது. அறை விளக்கில் ஒருவரை 1 மீட்டர் தள்ளி உட்காரவைத்து, 0.95-இல் பீக்கிங்கை நம்பி 20 படங்கள், பெரிதாக்கிப் பார்த்து 20 படங்கள். கண் தெளிவாக விழுந்தவற்றை எண்ண வேண்டும். இரண்டாவது வரிசையும் மோசமாக இருந்தால், அதே லென்ஸை வேறொரு கேமராவில் மாட்டி மறுபடி எண்ணிப் பார்த்தபிறகு பணம் கொடுக்கலாம்.