கும்மிடிப்பூண்டிக்கு ஓர் ஓவியக்கூடம்

திருவள்ளூர் மாவட்டம் திருவாலங்காட்டில் கிடைத்த சோழர் கால நடராசர் திருமேனி இப்போது எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுற்றியிருக்க வேண்டிய திருவாசி இதற்கு இல்லை. அதனால் தூக்கிய காலும், குறுக்கே வீசிய கையும், இடுப்பின் ஒசிவும் எந்தத் தடையும் இல்லாமல் கண்ணில் படுகின்றன. நூறாண்டுக்கு முன் இதன் புகைப்படங்கள் விக்டர் கொலுபியேவ் என்ற அறிஞர் வழியாகப் பாரிசில் சிற்பி ரோடினின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. ரோடின் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. சைவமும் தமிழும் அறியாதவர். ஆனாலும் அந்தப் படங்களை எதிரே வைத்துக்கொண்டு உதடு, கால், உடலில் ஏறி இறங்கும் நிழல் என்று ஒவ்வொன்றாக நின்று பார்த்து எழுதினார். அவர் 1917-ல் இறந்தார். கட்டுரை 1921-ல் அச்சில் வந்தது. கலையை ரசிக்கப் பரம்பரை ஞானமோ பெரிய படிப்போ வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல மறுப்பு கிடைக்காது. ரோடினுக்குச் சிற்பியின் கண் இருந்தது உண்மைதான். ஆனால் அந்தத் திருமேனியைப் பொறுத்தவரை அவருக்கு உதவியவை இரண்டே: பார்க்க ஒரு பொருள் எதிரே இருந்தது, பார்க்க நேரம் இருந்தது. அதே திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்குக் கோடியில், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பை உருக்கிக் கம்பியாக உருட்டும் தொழிலாளிக்கு இந்த இரண்டும் எளிதில் கிடைப்பதில்லை. ஓவியனின் வாழ்க்கையைப் பற்றிப் பேசுவதானால் இந்தத் தொழிலாளியிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஓவியன் என்றால் உலகியலை உதறிவிட்டுத் தூரிகையோடு மட்டும் வாழ்பவன் என்றொரு எண்ணம் நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. தமிழ்நாட்டு ஓவிய வரலாறு அப்படிச் சொல்லவில்லை. கே. சி. எஸ். பணிக்கர் தந்தி இலாகாவில் வேலை பார்த்துவிட்டு, பிறகுதான் சென்னை ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். 1957-ல் அதன் முதல்வரானார். அங்கே படித்து வெளியே வந்த மாணவர்கள் ஓவியத்தை விட்டுவிட்டுக் கிடைத்த வேலைக்குப் போவதைப் பார்த்து அவர் கண்ட வழி துறவு அன்று, கைத்தொழில். மாணவர்களும் இளம் ஓவியர்களும் சேர்ந்து பாத்திக் துணி செய்து விற்றார்கள். உருக்கிய மெழுகால் வெள்ளைத் துணியில் கோடு இழுத்துச் சாயத்தில் முக்கினால், மெழுகு பட்ட இடம் வெள்ளையாகவே நிற்கும். மறுபடி மெழுகு, மறுபடி வேறு சாயம். காய்ந்த மெழுகு கசங்கி விரிசல் விட்ட இடங்களில் சாயம் நூல் நூலாக இறங்கி ஒரு மெல்லிய ரேகை வலை விழும். பாத்திக்கை அடையாளம் காட்டுவதே அந்த வலைதான். அந்தத் துணி விற்ற காசு சேர்ந்துதான் 1966-ல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரை மணலில் சோழமண்டல ஓவியர் கிராமம் எழுந்தது. அப்போது அது ஆளரவம் குறைந்த சவுக்கும் மணலுமான இடம். பகலில் வயிற்றுக்கான கைவேலை, மீதி நேரத்தில் தன் ஓவியம் என்று ஒரு தலைமுறையே அங்கே வாழ்ந்து காட்டியது. கிராமம் எல்லோரையும் காப்பாற்றிவிடவும் இல்லை. பேனா மையால் கனவு நகரங்களை வரைந்த கே. ராமானுஜம் அங்கே வாழ்ந்து, 1973-ல் முப்பதுகளின் தொடக்கத்திலேயே மறைந்தார். ஆனாலும் கைத்தொழில் கலையைக் கெடுக்கும் என்ற பயத்துக்குச் சோழமண்டலம் இடம் வைக்கவில்லை. பி. வி. ஜானகிராம் செப்புத் தகட்டை அடித்து மடக்கி, அதன்மேல் கம்பியைப் பற்றவைத்து உருவங்களைச் செய்தார். எஸ். நந்தகோபாலின் சிற்பங்களும் பற்றவைத்த உலோகமே. வெல்டிங், கேஸ் கட்டிங், கிரைண்டிங் என்று கும்மிடிப்பூண்டியில் தினமும் நடக்கும் வேலையின் உறவுக்காரர்கள் இவர்கள்.

ஆக, படைப்பதற்கு ஒரு வழி உண்டு. பல ஓவியர்கள் கஷ்டப்பட்டாவது அதைக் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். சிக்கல் காட்சியில்தான். சென்னை கிரீம்ஸ் சாலை லலித்கலா அகாதெமியில் ஒரு வாரம் படங்களை மாட்டினால் முதல் மாலை கூட்டம் வரும். வருபவர்களில் பெரும்பாலோர் சக ஓவியர்கள், கலைக்கல்லூரி மாணவர்கள், வாங்கும் வசதியுள்ள சிலர். அவர்கள் வருவது நல்லதே. ஆனால் தன்னைப் போன்றவர்களின் கண்ணை மட்டுமே நம்பி வரையும் ஓவியனுக்கு, தன் படம் வேறு எவரிடம் பேசும், எங்கே ஊமையாகிவிடும் என்பது தெரியாமலே போகிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒருவர் அங்கே வர வேண்டுமானால் கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர் தாண்டி மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து, அங்கிருந்து இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். எழும்பூர் அருங்காட்சியகமோ மாலை ஐந்துக்கு மூடிவிடும், வெள்ளிக்கிழமை விடுமுறை. பகல் ஷிஃப்ட் முடித்துக் கை கழுவுகிற நேரத்தில் திருவாலங்காட்டு நடராசர் கூடத்துக்குப் பூட்டு விழுந்திருக்கும்.

தொழிலாளிக்கு ஓவியம் வேண்டும் என்று யார் கேட்டார்கள், அவருக்கு சினிமாவும் செல்போனும் போதாதா என்று சிலர் சொல்வார்கள். நான் இதை ஏற்கவில்லை. கோவில்பட்டி கொண்டைய ராஜுவும் அவர் சீடர்களும் வரைந்து சிவகாசியில் அச்சான முருகனும் லட்சுமியும் காலண்டர் வழியாக ஏறாத டீக்கடைச் சுவர் தமிழ்நாட்டில் குறைவு. படத்துக்கு எதிரே நின்று நாள் பார்க்கும் வழக்கம் நம் ஜனங்களுக்குப் புதிதல்ல. மெரினாவில் 1959-ல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையை எடுத்துக்கொள்வோம். பணிக்கருக்கு முன் ஓவியப் பள்ளி முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. நான்கு பேர் ஒரு பாறையைப் பெயர்க்கிறார்கள். முதுகெலும்பு வளைந்து, விலா எலும்பு எண்ணும்படி தெரிகிறது. டிக்கெட் இல்லை, கதவு இல்லை, அதனால் சென்னைக்கு வருகிற எவரும் அதைப் பார்க்கிறார்கள், அது தங்களைப் பற்றியது என்று புரிந்துகொள்ளவும் செய்கிறார்கள். 2020 வாக்கில் சென்னை கண்ணகி நகரின் அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் எழுந்தபோது, இது வறுமைக்குப் பூசும் வண்ணம் என்ற விமர்சனம் வந்தது. அதில் நியாயம் உண்டு. ஊரைவிட்டு அகற்றப்பட்டு அங்கே குடியேற்றப்பட்டவர்களின் குறையைச் சுவரோவியம் தீர்க்காது. ஆனால் சுவரில் வரைந்தது ஒன்றே ஒன்று, நிலையாக அங்கேயே இருக்கும். மாறி மாறிப் படங்கள் வந்துபோகும் கூடத்தின் வேலை வேறு. ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டு, இது பிடிக்கிறது, இது பிடிக்கவில்லை, ஏன் என்று பேசும் பழக்கம் கூடத்தில்தான் வளரும்.

இதைவிடக் கனமான கேள்வி ஒன்று உண்டு. நல்ல கூலி, சுத்தமான தண்ணீர், விபத்தில்லாத ஆலை என்ற மூன்றுக்கும் போராடிக்கொண்டிருக்கும் இடத்தில் ஓவியக்கூடம் ஆடம்பரம் ஆகாதா? வரிசை வைத்தால் தண்ணீர்தான் முதலில். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இந்தக் கேள்வி, கலையையும் தொழிலாளர் உரிமையையும் எதிரெதிரே நிறுத்துகிறது. அவை அப்படி நிற்கவில்லை. 1923-ல் தொழிற்சங்க முன்னோடி சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினாரே, அந்த மே தினமே எட்டு மணி நேர வேலைக்கான போராட்டத்தில் பிறந்தது. வேலைக்கும் தூக்கத்துக்கும் போக மீதி எட்டு மணி நேரம் மனிதனுக்குச் சொந்தம் என்பது அதன் உட்பொருள். 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா நம் சட்டப்பேரவையில் நிறைவேறியது. கடும் எதிர்ப்பு கிளம்பி, அந்த மே தினத்திலேயே அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். அன்று காப்பாற்றப்பட்ட நான்கு மணி நேரம் எதற்கு? பிள்ளையோடு இருக்க, படிக்க, பாட, சும்மா உட்கார, ஒரு படத்தின் முன் நிற்க. அந்த நேரத்துக்குப் போக ஓர் இடம் இல்லாவிட்டால், ஓவர்டைம் அதை விழுங்குவது இன்னும் எளிது.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டால், சட்டத்தில் வழி இருக்கிறது. 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்குமேல் பெரிய நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அப்படிச் செலவிடக்கூடிய பணிகளின் பட்டியலான ஏழாவது அட்டவணையில் கலையும் பண்பாடும், பொது நூலகமும், பாரம்பரியக் கலைகளும் கைவினைகளும் பெயர் சொல்லியே இடம்பெற்றுள்ளன. கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் நல்ல வெளிச்சமுள்ள ஒரு பெரிய அறை போதும். பகலில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலை ஆறிலிருந்து பத்து வரை ஷிஃப்ட் முடித்து வருபவர்களுக்கு, ஞாயிறு முழுநாளும் எல்லோருக்கும் என்று திறந்து வைக்கலாம். படங்களுக்குக் கீழே தமிழோடு இந்தியும் ஒடியாவும் இருக்க வேண்டும். இங்கே உழைக்கும் ஏராளமானோர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். மதுபனியும் பட்டச்சித்திரமும் அவர்கள் மண்ணின் ஓவியங்கள். இங்குள்ள அகதிகள் முகாமில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பிள்ளைகள் வரைவதற்கும் அந்தச் சுவரில் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும். சென்னையிலிருந்து படம் கொண்டுவரும் ஓவியர் மாட்டிவிட்டுப் போய்விடாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது படத்தின் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதை நிபந்தனையாகவே வைக்கலாம். உலோகத்தை நாள் முழுக்கத் தொட்டு வேலை செய்பவர் ஒரு வெல்டிங் சிற்பத்தைப் பார்த்து, இந்த இணைப்பை எப்படிப் போட்டீர்கள் என்று கேட்பார். கிரீம்ஸ் சாலையில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் கிடைப்பது அரிது.