உங்களுக்குத் தெரியுமா? மருந்து வாங்கினால் ஓட்டு போச்சு!

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ஏழைகள் நிவாரணச் சட்டத்தின்கீழ் இலவச மருந்து வாங்கியவர் வாக்குரிமையை இழந்தார். பிள்ளையின் காய்ச்சலுக்கு வாங்கியிருந்தாலும் அதே கதிதான்! கிராமத்துப் பண்ணைத் தொழிலாளர்கள் பலருக்கு ஓட்டே 1884இல்தான் கிடைத்தது. மருந்துக்காக அதையும் இழக்கும் கொடுமையை நீக்க 1885இல் தனிச் சட்டம் வந்தது.

• அன்று ஏழைகள் உடம்புக்கு முடியாவிட்டால் நேரே டாக்டரிடம் போக முடியாது. முதலில் நிவாரண அதிகாரியைத் தேடிப்பிடித்துச் சீட்டு வாங்க வேண்டும். டாக்டர் தேவையா என்று முடிவுசெய்த அவர் மருத்துவம் படித்தவர் அல்ல. வீட்டில் ஒருவர் நோயில் கிடக்க, இன்னொருவர் சீட்டுக்காக மைல்கணக்கில் நடந்தார்.

• ஏழைகளைப் பார்க்கும் ஒரு டாக்டரின் எல்லை 15,000 ஏக்கரைத் தாண்டக் கூடாது என்று 1842இல் விதித்தார்கள். அதுவே சுமார் 60 சதுர கிலோமீட்டர். குதிரையில்தான் சுற்ற வேண்டும்.

• பல இடங்களில் மருந்துச் செலவும் டாக்டரின் சொற்பச் சம்பளத்திலிருந்துதான். விலை கூடிய கொய்னா மருந்து ஏழைக்கு எப்படிக் கிடைக்கும்?

• 1859இல் சர்ரே மாவட்டத்தின் கிரான்லி கிராமத்தில் பங்குக் குரு ஒரு குடிசை வீட்டை வாடகையின்றிக் கொடுத்தார். டாக்டர் ஆல்பர்ட் நாப்பர் அதைச் சிறு மருத்துவமனையாக்கினார். அதைப் பார்த்து மற்ற ஊர்களிலும் குடிசை மருத்துவமனைகள் எழுந்தன.