காலமான தகப்பனார் பேரில் தாக்கல் ஆகாத வரிக் கணக்கு

1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு தாலுகா சென்னை ராஜ்யத்துடன் இணைந்தது. அடுத்திருந்த நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. அன்று விழுந்த கோடு பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே போகிறது. வீடு இந்தப் பக்கம், தோட்டம் அந்தப் பக்கம், பென்ஷன் திருவனந்தபுரத்தில், பாங்கு டெபாசிட் மார்த்தாண்டத்தில் என்று வாழ்கிற குடும்பங்கள் இங்கே உண்டு. பெரியவர் இருக்கும்வரை இதில் சிரமம் தெரிவதில்லை. அவர் கண்மூடிய பிறகு பெட்டியைத் திறந்து பார்க்கும்போதுதான், வருமான வரிக் கணக்கு கொடுக்காமல் கிடக்கிறது என்பது பிள்ளைகளுக்குத் தெரிய வருகிறது.

"போனவருக்கு ஏது வரி?" என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது சரியல்ல. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 159-ஆம் பிரிவின்படி, இறந்தவர் கட்ட வேண்டிய வரியை வாரிசுதான் கட்ட வேண்டும். கணக்கும் அவரே கொடுக்க வேண்டும். (2025-இல் புதிய சட்டம் நிறைவேறினாலும், 2026 ஏப்ரல் 1-க்கு முந்தைய வருஷங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும்.) இதற்காக யாரும் பயப்பட வேண்டாம். தகப்பனார் விட்டுப்போன சொத்து எவ்வளவோ, அதற்கு மேல் ஒரு பைசாகூட மகன் தன் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை. ஆனால் வரி பாக்கியை வைத்துக்கொண்டு அந்தச் சொத்தை விற்றுவிட்டால், அந்த அளவுக்கு அவர் சொந்தப் பொறுப்பில் மாட்டிக்கொள்வார். தோட்டத்துக்கு விலை பேசிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சிறு பென்ஷன்காரர் வீட்டில் நஷ்டம் வேறு விதமாக வருகிறது. ஒரு பெரியவர் 2024 பிப்ரவரியில் காலமானார் என்று வைத்துக்கொள்வோம். அந்த வருஷம் டெபாசிட் வட்டி ரூ.60,000. 15-ஹெச் படிவம் கொடுக்க மறந்ததால் பாங்கு ரூ.6,000 பிடித்துவிட்டது. மொத்த வருமானமோ வரி வரம்புக்குள். கணக்குக் கொடுத்தால்தான் அந்த ஆறாயிரம் திரும்பும். 2023 ஏப்ரல் முதல் அவர் இறந்த நாள் வரையிலான வருமானத்துக்கு மட்டும் அவர் பேரில் கணக்கு. அதற்குப் பின் அம்மாவுக்கு வரும் குடும்பப் பென்ஷன் அம்மாவின் வருமானம். தாமதக் கணக்குக்கும் 2025 ஜனவரி 15-உடன் கெடு முடிந்தது.

அதற்குப் பிறகு என்ன வழி? புதுப்பித்த கணக்கு என்று ஒன்று உண்டு. நாலு வருஷம் வரை கொடுக்கலாம். ஆனால் அது வரி கட்டுகிறவர்களுக்குத்தான். தாமதத்தைப் பொறுத்து 25 முதல் 70 சதவீதம் வரை கூடுதல் வரியும் சேரும். பணம் திரும்பக் கேட்க அதில் இடமில்லை. அப்படிக் கேட்கிறவர் தாமதத்தை மன்னிக்கும்படி வருமான வரி கமிஷனருக்கு மனுச் செய்ய வேண்டும். 2024 அக்டோபர் 1-ஆம் தேதிச் சுற்றறிக்கையின்படி, மேலே சொன்ன கணக்குக்கு 2030 மார்ச் 31 வரை மனு ஏற்கப்படும். தாமதமாகக் கேட்கும் தொகைக்கு வட்டி கிடையாது.

எல்லைக்காரர்களுக்குத் தொல்லை காகிதங்களில்தான். மரணம் எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் இறந்தவருக்கு இறப்புச் சான்று தமிழ்நாட்டில். வாரிசுச் சான்றோ நெய்யாற்றின்கரை தாலுகா ஆபீசில். வாரிசுச் சான்று தமிழிலோ மலையாளத்திலோ மட்டும் இருந்தால், இங்கிலீஷிலோ ஹிந்தியிலோ மொழிபெயர்த்து நோட்டரி கையெழுத்து வாங்க வேண்டும். ஒன்றில் இனிஷியல், மற்றொன்றில் முழுப்பெயர் என்று இருந்தால் அதையும் முதலிலேயே சரி பார்த்துக்கொள்வது நல்லது. தாசில்தார் சான்றுக்காகக் காத்துக் கிடக்க வேண்டும் என்பதும் இல்லை. குடும்பப் பென்ஷன் சான்று, பதிவு செய்த உயில், நாமினி யார் என்று பாங்கு கொடுக்கும் கடிதம் இவற்றில் ஒன்று இருந்தாலும் வரி இலாகா ஏற்றுக்கொள்கிறது. பலர் இது தெரியாமல் வீணாக அலைகிறார்கள்.

வாரிசு தன்னுடைய பான் எண்ணில் இலாகாவின் இணையதளத்துக்குள் போய், தன்னைப் பிரதிநிதியாகப் பதிவு செய்ய வேண்டும். அனுமதி வந்த பிறகு தகப்பனார் கணக்கைத் தாக்கல் செய்யலாம். பழைய பாஸ்வேர்டும் அப்பாவின் செல்போனும் கையில் இருக்கிறதே என்று அவர் பேரிலேயே கணக்கை அனுப்புவது, போனவர் கையெழுத்தைத் தான் போடுவதற்குச் சமம்.

இறந்தவர் பெயருக்கு நோட்டீஸ் வருவதும் உண்டு. 2010-இல் காலமான ஒருவர் பெயருக்கு 2017-இல் மறு மதிப்பீட்டு நோட்டீஸ் வந்து, அவர் மனைவி சென்னை ஹைகோர்ட்டுக்குப் போனார். குடும்பத்தார் மரணத்தைத் தெரிவிக்கவில்லை என்று இலாகா வாதாடியது. தெரிவித்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை எனக் கூறி, 2018-இல் கோர்ட் அந்த நோட்டீஸை ரத்து செய்தது. ஆனாலும் கோர்ட்டுக்குப் போகும் செலவைவிட, வரி அதிகாரிக்கு இறப்புச் சான்று நகலுடன் ஒரு ரிஜிஸ்தர் கடிதம் போடுவது மலிவு. பான் கார்டை மட்டும் அவசரப்பட்டு ஒப்படைத்துவிடக் கூடாது. கணக்கு முடிந்து, வரவேண்டிய பணம் வந்த பிறகு ஒப்படைத்தால் போதும்.