இரவு முறை வேலையும் சரீர நலனும்

ஞாயிறு ஆராதனையில் உறங்கி விழும் வாலிபனைக் கண்டு ஆயர் மனம் வருந்துவது இயல்பு. ஓசூர்ப் பகுதியில் ஊழியஞ்செய்த நாட்களில் நாமும் அங்ஙனம் வருந்தியதுண்டு. அவன் சனிக்கிழமை இரவு ஆலைக்குச் சென்று, விடியற்காலையில் திரும்பி, உறங்காமலே ஆலயத்துக்கு வந்தவன் என்று விசாரித்தறிந்த பின்னரே நமது வருத்தம் வெட்கமாக மாறிற்று.

1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை உருவானது முதல், கேழ்வரகு விளைந்த இம்மேட்டு நிலத்தில் பலரது உணவையும் உறக்கத்தையும் ஆலையின் முறைநேரமே வகுத்து வருகிறது. நமது சரீரமோ பகலொளியைக் கொண்டு தன் நேரத்தை அறியும் தன்மையுடையது. பகலில் எளிதாகச் செரிக்கும் அதே சோறு, நள்ளிரவில் உண்ணப்படும்போது இரத்தத்தில் சர்க்கரையை மிகுதியாக உயர்த்துகிறது. வாரந்தோறும் முறை மாறுகிறவனுக்கு, அதிகாலையில் எழுந்து நட, மாலையில் சீக்கிரம் உண் என்று போதிப்பதால் பயன் யாது? பகலில் அறையை இருட்டாக்கி உறங்குவதும், இரவுப் பணிக்குமுன் வீட்டில் உண்டு, நள்ளிரவில் சிறிதளவே உட்கொள்வதும் அவனால் இயலும். வீட்டார் அவனது பகலுறக்கத்தைக் கலைக்காதிருப்பதும் ஓர் உதவியே.

நிறையத் தண்ணீர் பருகுங்கள் என்னும் பொது அறிவுரையும் இம்மாவட்டத்தில் ஆராய்ந்து கூறத்தக்கதே. இங்குப் பல ஆழ்குழாய்க் கிணறுகளின் நீரில் புளோரைடு மிகுந்துள்ளது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டிய நீரை ஆண்டுக்கணக்கில் பருகினால் பற்கள் கறைபடும். மிகுந்தால் எலும்புகளும் இறுகும். காய்ச்சுவதால் புளோரைடு அகலாது. இதன் பொருட்டே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பெற்றது. கேழ்வரகைக் குறித்தும் ஒரு சொல். சுண்ணச்சத்தில் அது அரிசியினும் பன்மடங்கு சிறந்தது. ஆயினும் நீரிழிவுக்கு அது மருந்தன்று. களியுருண்டையின் அளவு பெருகினால் சர்க்கரையும் பெருகும்.

இனி, நமது மனச்சாட்சியைத் தொடும் செய்திக்கு வருவோம். உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் நெடுநாள் யாதொரு வலியும் தராமல் இருக்கக்கூடியவை. இதனால் மாத்திரை உண்பவர் நலமாயிருப்பதாக உணர்ந்து அதனை நிறுத்திவிடுகிறார். சபையில் மூதாட்டி ஒருவர், ஜெபக்கூட்டத்துக்குப் பின்னர் மாத்திரைகளை விட்டுவிட்டதாகச் சாட்சி கூறினார். நாம் அதைக் கேட்டு மகிழ்ந்தோமேயன்றி ஒரு கேள்வியும் கேட்டோமில்லை. சில மாதங்களில் பக்கவாதம் கண்டது. வலது கை இன்றும் அவருக்கு உதவுவதில்லை. எலியா சூரைச்செடியின் கீழ்ச் சோர்ந்து கிடந்தபோது, தூதன் இருமுறை உணவளித்து உறங்கவும் விட்ட பின்னரே ஆண்டவரின் மெல்லிய சத்தம் அவனுக்குக் கேட்டது என்பதை வகுப்பறையில் போதித்தவர்களே நாம்!

சுகமளித்தல் மருத்துவருக்கு மட்டுமன்றிச் சபை முழுமைக்கும் உரிய பணி என்று 1964-இல் டூபிங்கனில் கூடிய ஆலோசனை மாநாடு எடுத்துரைத்தது. அப்பணியின் எளிய வடிவம் ஒன்றை நமது மாவட்டத்திலேயே காணலாம். 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் அரசுத் திட்டம் தொடங்கிற்று. இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றைப் பரிசோதித்து, மாத்திரைகளை வீட்டிற்கே கொணர்ந்து தருவது அதன் நோக்கம். பிணியாளர் மருந்தை நிறுத்துவது பெரும்பாலும் பிடிவாதத்தாலன்று; ஒரு நாள் கூலியை இழந்து வரிசையில் நிற்க இயலாமையாலும் ஆகும். வீடு தேடிச் செல்லும் பழக்கம் ஆயருக்கு முன்னமே உண்டு. வேதத்தைத் திறக்குமுன் மாத்திரையைக் குறித்துக் கேட்க நாம் இப்போது கற்றிருக்கிறோம். அலமாரியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டுகிறவர்களும் உண்டு. பேச்சை மாற்றுகிறவர்களும் உண்டு.

ஆயரின் சரீரமும் இவ்விதிகளுக்கு விலக்கன்று. ஒரே மாலையில் எட்டு வீடுகளில் எட்டுக் குவளைத் தேநீர் அருந்துவதை அன்பின் கடமையாகக் கருதி வந்தோம். நமது இரத்தப் பரிசோதனைத் தாளோ வேறு விதமாகக் கருதிற்று. சர்க்கரை வேண்டாம் என்று முதல் வீட்டில் சொன்னால் போதும். அடுத்த வீடுகளுக்கு அச்செய்தி நமக்கு முன்னரே சென்று சேர்ந்துவிடுகிறது.