ஹைபரோடபீடனின் மண்டையோடு

வெளுத்ததெல்லாம் பாலாகாது என்பது நம் நாட்டுப் பழமொழி. பிராணிகளின் குலமுறையை ஆராயப் புகுவாரும் இதனை மறத்தலாகாது. முகம் ஒத்திருத்தல் ஒன்றே பற்றி உறவு கூறின் பிழைபட நேரிடும். ஹைபரோடபீடன் என்னும் ஊரும் பிராணியின் வரலாறே இதற்குச் சான்றாம்.

ஸ்காத்லாந்து தேசத்து எல்ஜின் நகரையடுத்த மணற்பாறைகளிற் கிடைத்த எலும்புகளைக் கொண்டு, பேராசிரியர் ஹக்ஸ்லி 1859-ஆம் ஆண்டில் இப்பிராணிக்குப் பெயரிட்டார். இஃது ஏறக்குறைய 23 கோடி ஆண்டுகட்கு முன்னர்த் தழையுண்டு வாழ்ந்து, பின்னர் அடியோடு அற்றுப்போயிற்று. உடலின் நீளம் நான்கடிக்குச் சற்று மேற்பட்டது. இதன் இனத்ததாகிய மற்றொன்றின் எலும்புகள் நம் நாட்டிலும், கோதாவரிப் பள்ளத்தாக்கைச் சார்ந்த மாலேரிப் படிவங்களிற் கிடைத்துள்ளன.

மண்டையோட்டை மேலிருந்து நோக்கின் முக்கோண வடிவாய்த் தோன்றும். பின்புறம் மிக அகன்றது; தாடையை இயக்கும் பெருந்தசைகள் அங்கே இடம்பெற்றிருந்தன. கண்குழிக்குப் பின்னே பக்கத்துக்கு இரண்டு திறப்புகள் உள. முன்புறத்து எலும்புகள் இரண்டு கிளிமூக்குப்போலக் கீழ்நோக்கி வளைந்துள்ளன. மூக்குத்துவாரமோ நடுவில் ஒன்றே. மேல்தாடையிற் பற்கள் பல வரிசையாய் நெருங்கி நிற்க, அவற்றினிடையே நெடுகவொரு பள்ளம் ஓடுகின்றது. வாயை மூடுங்கால், பேனாக்கத்தியின் அலகு பிடியுட் சென்று அமர்வதுபோலக் கீழ்த்தாடையின் விளிம்பு அப்பள்ளத்திற் பொருந்தும். முரட்டுத் தழைகளும் துண்டுபடும். தேய்ந்த பற்கள் விழுந்து முளைப்பதில்லை. தாடை வளர வளரப் பின்புறத்திற் புதிய பற்கள் சேர்ந்துகொண்டே வந்தன.

இனி இதன் உறவு யாதென நோக்குவோம். நியூஜீலாந்தில் டுவாட்டாரா என்னும் பிராணி இன்றும் வாழ்கின்றது. அதன் முன்வாயும் அலகுபோல் தோன்றும். கீழ்ப்பற்கள் மேல்வரிசைகள் இரண்டினிடையே பொருந்தும். இவ்வொற்றுமைகளைக் கண்ட ஹக்ஸ்லி, 1869-இல் இவ்விரண்டையும் நெருங்கிய உறவினவாகக் கொண்டார். அக்கொள்கை நூறாண்டு நிலவிற்று.

ஆயினும், கூர்ந்து நோக்கின் வேற்றுமை புலனாம். டுவாட்டாராவின் அலகு பற்களால் ஆயது. ஹைபரோடபீடனின் அலகோ எலும்பு. முன்னதன் உள்வரிசைப் பற்கள் அண்ணத்தெலும்பில் நிற்பன. பின்னதிலோ பள்ளத்தின் இருபுறத்தும் உள்ளது மேல்தாடையெலும்பே. முன்னதன் பற்கள் தாடை விளிம்பின்மேல் ஒட்டியவை. பின்னதன் பற்கள் ஆழ வேரூன்றியவை. 1983-இல் எல்ஜின் எலும்புகளை மீண்டும் ஆராய்ந்து வெளியிட்ட பெண்டன் முதலியோர், மண்டையோட்டோடு காலெலும்புகளையும் ஒப்புநோக்கி, ஹைபரோடபீடன் முதலைகளும் பறவைகளும் தோன்றிய பெருங்கிளைக்கே அணுக்கமானதென நிறுவினர். டுவாட்டாராவோ பல்லி, பாம்புகளின் கிளையைச் சார்ந்தது. ஒரேவகைத் தொழிலுக்கு உற்ற கருவிகள் வேறு வேறு குலங்களில் தனித்தனியே தோன்றுதலும் உண்டென்பது இதனாற் பெறப்படும்.

ஹக்ஸ்லி தம் காலத்துப் பிராணி சாஸ்திரிகளுள் தலைசிறந்தவர். அவர் முடிபையும் மாற்றியது, அவர் கண்ட எல்ஜின் பாறைகளின் எலும்புகளேயாம். ஆதலின், மாணவ நண்பர்காள், பெரியோர் கூற்றை மதிப்போமாக. அவர் கையாண்ட பொருளையும் ஒருமுறை நம் கையில் எடுத்துப் பார்ப்போமாக.