ஸ்காட்லாந்தில் சிறு மகிழ்ச்சிகள்

வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரண்டு செய்திகளையே பேசுகின்றனர். ஒன்று, அங்கே ஈட்டும் பொருள்; மற்றொன்று, அங்கே காணும் பெருங்காட்சிகள். ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரத்துக் கோட்டையும், போர்த் ஆற்றின் கழிமுகத்தைக் கடக்க 1890-இல் கட்டி முடிக்கப்பெற்ற இருப்புப்பாதைப் பாலமும் காணத்தக்கனவே. ஆனால், ஒரு கோட்டையை ஒருவன் எத்தனை நாள் பார்ப்பான்? முதல் வாரத்தில் வியந்து நிற்பான். மூன்றாம் திங்களில் அதன் அடிவாரத்தில் தலை நிமிராமலே நடந்து செல்வான். வீட்டையும் உற்றாரையும் விட்டு வந்த இருபது வயது இளைஞனை ஆண்டு முழுவதும் தாங்கி நிற்பவை வேறு சில. அவை மிகச் சிறியவை, நாள்தோறும் வருபவை. 'சிற்றின்பம்' என்னும் நல்ல சொல்லுக்கு நம் முன்னோர் வேறு பொருள் வகுத்துவிட்டமையால், அவற்றைச் சிறு மகிழ்ச்சிகள் என்றே குறிக்கின்றேன்.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் மேற்படிப்புக்காக எடின்பரோ சென்றார். 'ஐயா' என்று தொடங்கி அவர் எழுதும் மடல்களில் படிப்பைப் பற்றிய செய்தி நான்கு வரிகளுக்கு மேல் இராது. எஞ்சியவை யாவும் வானத்தையும், பேருந்தையும், நடந்து சென்ற குன்றுகளையும் பற்றியனவே. அம்மடல்களையும் நான் படித்தறிந்தவற்றையும் துணையாகக் கொண்டு, அயல்நாட்டிலிருந்து செல்லும் இளைஞருக்கு அந்நாட்டில் வாய்க்கும் சிறு மகிழ்ச்சிகள் எவை, அவை எங்கிருந்து பிறக்கின்றன என்பதைச் சொல்லலாம் என எண்ணுகின்றேன்.

முதலில் ஒளி. எடின்பரோ நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 56 பாகையில் இருக்கிறது. சென்னை 13 பாகையில் இருக்கிறது. சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றரை மணி நேரமே. ஆதலால், பகல் என்பது எப்போதும் ஒரே அளவுடைய பொருள் என்று நாம் நம்பி வளர்கிறோம். எடின்பரோவிலோ சூன் திங்களில் பகல் பதினேழரை மணி நேரம். டிசம்பரில் ஏழு மணி நேரம். நிலவுலகின் அச்சு இருபத்து மூன்றரைப் பாகை சாய்ந்திருப்பதே இதற்குக் காரணம் என்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். படிப்பது வேறு, அச்சாய்வின்மீது நின்று வாழ்வது வேறு. டிசம்பர் 21-ஆம் நாளை ஒட்டி, காலை எட்டே முக்கால் மணியளவில் எழும் கதிரவன் பிற்பகல் மூன்றே முக்கால் ஆவதற்குள் மறைகிறான். நண்பகலிலும் அவன் அடிவானத்திற்கு மேலே 11 பாகை உயர்வதில்லை. அவ்வேளையில் ஒருவன் தன் நிழலைப் பார்ப்பானாயின், அது அவனைப் போல் ஐந்து மடங்கு நீண்டு கிடக்கும். நண்பகலில் நம் நிழல் காலடியில் சுருண்டு கிடப்பதையே கண்டு பழகிய கண்களுக்கு இது விந்தையன்றோ?

விந்தையோடு இது முடிவதில்லை. இருளில் எழுந்து வகுப்புக்குச் சென்று, இருளில் அறைக்குத் திரும்பும் நாட்கள் பல தொடர்ந்து வரும். அயல்நாட்டு மாணவர் பலர் மனந்தளர்வது இக்காலத்தில்தான். வீட்டு நினைவு மிகும், உறக்கம் கெடும், பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பிவிடலாமா என்ற எண்ணம் தோன்றும். இதில் உடலுக்கும் பங்குண்டு. தோலின்மீது வெயில் படும்போது உண்டாகும் 'வைட்டமின் டி' அந்நாட்டுக் குளிர்காலத்தில் உண்டாவதற்கு வழியில்லை. ஆதலால், நாள்தோறும் 10 மைக்ரோகிராம் அளவு அதனை உட்கொள்ளுமாறு அந்நாட்டு நலத்துறையினர் அறிவுரை கூறுகின்றனர். நம்மைப் போன்ற கருநிறத்தார்க்கு ஆண்டு முழுவதுமே அது வேண்டும் என்பர். இதனை அறியாமல் 'எனக்கு என்னவோ ஆயிற்று' என்று கலங்குவோர் உண்டு. செல்ல விரும்பும் மாணவர்கள் இதனை நினைவில் வைப்பது நலம்.

இத்தகைய இருளை ஒருமுறை கடந்தவனுக்கே அந்நாட்டு ஒளியின் அருமை புலனாகும். சனவரி இறுதியில், மாலை நாலரை மணிக்கு நூல்நிலையத்தை விட்டு வெளியே வந்தபோது வானம் இன்னும் வெளுத்திருந்ததாம். 'ஐயா, எனக்கு யாரோ பரிசு கொடுத்தது போல் இருந்தது' என்று மாணவர் எழுதினார். மார்ச்சுத் திங்களில் பகல் நாளொன்றுக்கு நான்கு நிமிடத்திற்கு மேல் வளர்கிறது. ஒரு வாரத்தில் அரை மணி நேரம்! வளர்பிறையைப் பார்ப்பது போல் மக்கள் பகலைப் பார்க்கின்றனர். சூனில் இரவு பத்து மணிக்குப் புல்வெளியில் அமர்ந்து செய்தித்தாள் படிக்கலாம். அதன் பின்னும் வடவானம் முற்றும் கருப்பதில்லை. விளக்கைத் தணித்து வைத்தாற்போல் ஒரு வெளிறிய ஒளி விடியும் வரை நிற்கும்.

வானிலையும் அத்தகையதே. அங்கே மழையும் மந்தாரமுமாய் உற்சாகமற்றிருக்கும் நாளைக் குறிக்க 'ட்ரீக்' என்று ஒரு சொல் வழங்குகிறது. வேனிற்காலத்தில் வடகடலின் குளிர்ந்த நீர்மேல் வெப்பக்காற்று தவழும்போது, அதிலுள்ள ஈரம் மூடுபனியாகிக் கீழ்க்கரை ஊர்களின்மேல் படரும். அதற்கு 'ஹார்' என்று பெயர். காலையில் தெருவை விழுங்கிய ஹார் நண்பகலில் கலைந்து, கோட்டை திடீரென வானிலிருந்து இறங்கியது போல் வெளிப்படும். இச்சொற்களைக் கற்றுக்கொண்ட அன்றே புதியவன் பாதி ஊராகிவிடுகிறான். நம் ஊரில் 'சாப்பிட்டாயிற்றா?' என்று கேட்பது சோற்றைப் பற்றிய ஆராய்ச்சி அன்று; உன்னை நான் கருதுகிறேன் என்பதற்கு அடையாளம். அவ்வாறே அங்கே பேருந்து நிற்குமிடத்தில் அருகில் நிற்கும் மூதாட்டி 'இன்று ட்ரீக்' என்று சொல்வது வானியல் அறிக்கை அன்று. 'ஆம், மிகவும்' என்று விடை கூறினால் போதும், பேச்சு வளர்ந்துவிடும். வெயில் வந்துவிட்டாலோ, 'மெடோஸ்' என்னும் பெரும் புல்வெளியில் கூட்டம் நிறைந்துவிடுகிறது. முற்காலத்தில் ஏரியாக இருந்து, நீர் வடிக்கப்பெற்றுப் புல்வெளியான இடம் அது. வெயிலைக் கண்டால் குடை விரிக்கும் நாட்டில் பிறந்தவர், வெயிலைக் கண்டு மேற்சட்டையைக் கழற்றும் மக்களிடையே தாமும் படுத்துப் புத்தகம் படிக்கும் காட்சியை எண்ணிப் பாருங்கள்.

எடின்பரோவில் பகல் ஒரு மணிக்குக் கோட்டையிலிருந்து பீரங்கி முழங்கும். துறைமுகத்து மாலுமிகள் தம் கடிகாரங்களைச் சரிபார்த்துக்கொள்வதற்காக 1861-இல் தொடங்கிய வழக்கம் இது. ஞாயிறு, பெரிய வெள்ளி, கிறிஸ்துமஸ் நாட்கள் நீங்கலாக இன்றும் நடைபெறுகிறது. முதல் நாள் எம் மாணவர் துள்ளி விழுந்தாராம். ஒரு திங்கள் கழித்து, துள்ளி விழுவோரைப் பார்த்து இவர் புன்னகை செய்தாராம். ஓர் ஊரில் குடியேறியதற்கு இதனினும் சிறந்த சான்று எந்த அலுவலகம் தரவல்லது?

இனி, பொருள் செலவில்லாத மகிழ்ச்சிகள். மாணவனின் பணப்பை எங்கும் மெலிந்ததே. ஸ்காட்லாந்தில் 2022 சனவரி இறுதி முதல், அங்கு வாழும் 22 வயது நிறையாத இளைஞர் யாவரும் அதற்குரிய அட்டையைக் காட்டிப் பேருந்தில் கட்டணமின்றிச் செல்லலாம். அந்நாட்டில் பிறந்தவரா என்று பார்ப்பதில்லை. எம் மாணவர் விடுமுறைகளில் கடற்கரைச் சிற்றூர்கள் பலவற்றை இவ்வாறு கண்டு வந்தார். தம் 22-ஆம் பிறந்த நாள் மட்டும் தமக்கு மகிழ்ச்சி தரவில்லை என்று எழுதினார்! இறங்கும்போது பயணிகள் ஓட்டுநருக்கு நன்றி கூறிச் செல்லும் வழக்கத்தையும் அவர் வியந்து குறித்திருந்தார். கூலி பெற்று வேலை செய்பவருக்கு நன்றி எதற்கு என்று கேட்போர் நம்மிடையே உண்டு. அவர்கள் ஒருமுறை சொல்லிப் பார்க்கலாம். எடின்பரோவின் தேசியப் பொருட்காட்சிச் சாலைக்கும் கட்டணமில்லை. வளர்ந்த ஆட்டின் உயிரணுவிலிருந்து 1996-இல் பிறப்பிக்கப்பெற்ற 'டாலி' என்னும் பெயர்பெற்ற ஆடு அங்கேதான் பாடம் செய்து வைக்கப்பட்டுள்ளது. கிளாஸ்கோவில் 1901-இல் திறக்கப்பெற்ற கெல்வின்குரோவ் கலைக்கூடத்தில் நாள்தோறும் பகலில் பெரிய ஆர்கன் கருவியை இசைக்கின்றனர். மழைக்கு ஒதுங்கியவனும் அமர்ந்து கேட்கலாம்.

நடப்பதைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். எடின்பரோ நகரின் நடுவிலேயே 'ஆர்தர்ஸ் சீட்' என்னும் குன்று இருக்கிறது. உயரம் 251 மீட்டர்; ஏறத்தாழ 34 கோடி ஆண்டுகளுக்கு முன் கனன்று அவிந்த எரிமலை அது. நிலவியலின் தந்தை எனப்படும் ஜேம்ஸ் ஹட்டன் 18-ஆம் நூற்றாண்டில் அதன் பாறைகளை ஆராய்ந்தே நிலவுலகின் நெடிய வயதை உணர்ந்தார். வகுப்பு முடிந்தபின் ஏறி, உணவு வேளைக்குள் இறங்கிவிடலாம். ஊருக்கு வெளியிலும் கால்களுக்குத் தடையில்லை. ஸ்காட்லாந்தின் 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டத்தின்படி, மலை, காடு, ஏரி, கரை ஆகியவற்றில் அவை எவருடைய உடைமையாயினும் எல்லோரும் பொறுப்புடன் நடந்து செல்லலாம். வீட்டையும், அதைச் சூழ்ந்த தோட்டத்தையும், பயிர் நிற்கும் வயலையும் மிதித்தல் கூடாது. கதவைத் திறந்தால் மூடிவிட்டுச் செல்ல வேண்டும். நேற்று வந்திறங்கிய அயலானுக்கும் இவ்வுரிமை உண்டு என்பதே இதன் சிறப்பு. நிலம் சிலருடையது, அதன்மேல் செல்லும் வழி எல்லோருடையது.

இவ்வுரிமைகள் எளிதில் வந்தவை அல்ல என்பதற்கு ஒரு வரலாறு கூறுகின்றேன். டன்பெர்ம்லின் என்னும் நெசவாளர் ஊரில் 1835-இல் ஆண்ட்ரூ கார்னெகி பிறந்தார். ஊரின் நடுவே பிட்டன்கிரீப் என்னும் அழகிய சோலை ஒரு செல்வக் குடும்பத்தின் உடைமையாக இருந்தது. ஆண்டில் ஒரு நாள் அதனை ஊராருக்குத் திறந்துவிடுவர். ஆனால், சோலையில் மக்களுக்கு உரிமை வேண்டுமென்று வாதாடிய குடும்பத்தைச் சேர்ந்தவன் என்பதால், சிறுவன் கார்னெகிக்கு அந்த ஒரு நாளும் வாயில் அடைக்கப்பட்டது. 1848-இல் வறுமையால் குடும்பம் அமெரிக்காவுக்குப் பெயர்ந்தது. அங்கே அவரும் ஓர் அயல்நாட்டுச் சிறுவனே. கர்னல் ஆண்டர்சன் என்பவர் தம் வீட்டு நூல்களைச் சனிக்கிழமைதோறும் தொழில் செய்யும் சிறுவர்களுக்கு இரவல் தந்தார். அதுவே அவருக்குக் கல்லூரி. பின்னர்ப் பெருஞ்செல்வரான கார்னெகி 1883-இல் டன்பெர்ம்லினில் தம் முதல் நூல்நிலையத்தை நிறுவினார். உலகெங்கும் 2,500-க்கு மேற்பட்ட நூல்நிலையங்களுக்குப் பொருள் வழங்கினார். எடின்பரோவில் 1890-இல் திறக்கப்பெற்ற நடுவண் நூல்நிலையமும் அவற்றுள் ஒன்று. 1902-இல் பிட்டன்கிரீப் சோலையை விலைக்கு வாங்கி, அடுத்த ஆண்டு ஊர் மக்களுக்கே கொடுத்துவிட்டார். அவருடைய எஃகு ஆலைத் தொழிலாளர்களை 1892-இல் நடத்திய முறை போற்றத்தக்கது அன்று. அதனையும் மறைத்தல் ஆகாது. எனினும், வாயில் அடைக்கப்பட்ட சிறுவன் ஒருவன் அவ்வாயிலை எல்லோருக்கும் திறந்துவைத்ததனால், இன்று எங்கிருந்தோ வந்த மாணவன் ஒருவன் அங்கே அணில் ஓடுவதைப் பார்த்து அமர்ந்திருக்கிறான்.

இயற்கையும் நூலும் துணை செய்யினும், மனிதனுக்கு மனிதன் வேண்டும். 'கேலி' என்று ஏறத்தாழ ஒலிக்கும் ஒரு கூட்டு ஆட்டம் அங்கே உண்டு. பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டா; அங்கே எவரும் எவரையும் எள்ளுவதில்லை. அது ஒருவரை ஒருவர் காணச் செல்லுதலைக் குறிக்கும் கேலிக் மொழிச் சொல். பிடிலும் துருத்திப் பெட்டியும் இசைக்க, அடுத்த அடி யாது என்று ஒருவர் உரக்கச் சொல்ல, இணைகள் மாறி மாறி ஆடுவர். ஆட்டத்தின் அமைப்பே அத்தகையது: ஒரு மணி நேரத்திற்குள் அம்மன்றத்தில் உள்ள பெரும்பாலோர் கையையும் நாம் ஒருமுறை பற்றிவிடுவோம். பாட்டியும் பேராசிரியரும் கடைச் சிப்பந்தியும் ஒரே வட்டத்தில் சுழல்வர். தவறாக ஆடுபவனைத் தோளைப் பற்றித் திருப்பிவிட்டு, ஆட்டத்தைத் தொடர்வர். நாணத்தால் மூலையில் ஒதுங்கும் நம் இளைஞர்க்கு இதனினும் நல்ல மருந்து இல்லை.

இறுதியாக, புத்தாண்டு. அந்நாட்டார் டிசம்பர் 31-ஆம் நாள் இரவை 'ஹாக்மனே' என்று அழைத்துப் பெருவிழாவாகக் கொண்டாடுகின்றனர். கிறிஸ்துமஸ் நாளே அங்கே 1958-இல்தான் பொது விடுமுறையாயிற்று; புத்தாண்டுக்கோ சனவரி முதல் நாளும் இரண்டாம் நாளும் விடுமுறை. நள்ளிரவுக்குப் பின் வீட்டு வாயிலை முதலில் மிதிப்பவரைப் பொறுத்தே அவ்வாண்டின் நலம் அமையும் என்பது பழைய நம்பிக்கை. அவர் கருமுடி உடைய ஆடவராக இருத்தல் வேண்டும். கையில் ஒரு துண்டு நிலக்கரியோ, வெண்ணெய் ரொட்டியோ கொண்டு வருதல் வேண்டும். பொன்னிற முடியுடைய வடகடற் கொள்ளையர் வந்து வாயிலில் நின்ற காலத்து அச்சமே இதற்குக் காரணம் என்று விளக்கம் கூறுவர். நம்மவர் சகுனம் பார்ப்பது போன்றதே இது. இன்று பலரும் விளையாட்டாகவே கொள்கின்றனர்.

எம் மாணவர் தங்கியிருந்த தெருவிலோ பொன்முடியினரும் செம்முடியினரும் வெண்முடியினருமே மிகுதி. ஊர் முழுதும் உறவினரோடு கூடியிருக்கும் அவ்விரவில் தம் அறையில் தனித்திருக்க நேருமோ என்று அவர் வருந்திக்கொண்டிருந்தார். மாலையில் எதிர்வீட்டு மூதாட்டி வந்து, அவருடைய கன்னங்கரிய முடியைச் சுட்டிக்காட்டி, 'பன்னிரண்டு அடித்ததும் எங்கள் வாயிலுக்கு வா' என்று சொல்லி, அவர் கையில் ஒரு நிலக்கரித் துண்டையும் கொடுத்துச் சென்றார். கரி எரிக்கும் அடுப்பு அவ்வீட்டில் இல்லை. அன்றிரவு அவர் ஒரே கரித்துண்டோடு நான்கு வீடுகளில் காலடி வைத்தார். நான்கு வீட்டிலும் உண்டார். அடுத்த ஆண்டுக்கும் தமக்கு இப்போதே அழைப்பு வந்துவிட்டது என்றும், அதுவரை முடியை ஒட்ட வெட்டக் கூடாதென்று மூதாட்டி கட்டளையிட்டிருக்கிறார் என்றும் எழுதியிருந்தார்.