6,000 மீட்டர் ஆழம் போகும் 'மத்ஸ்யா'... முதல் சோதனை துறைமுகத்தில் நடந்தது ஏன்?

புதுப் படகு என்றால் கரையோரத்தில் இறக்கி ஓட்டிப் பார்த்துவிடலாம். மூன்று பேரை ஏற்றிக்கொண்டு 6,000 மீட்டர் ஆழத்துக்குப் போகும் வாகனத்தை எங்கே சோதிப்பது? ஏற்காடு, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். அதைப்போல நான்கு மடங்கு ஆழம் இது!

அந்த வாகனம்தான் 'மத்ஸ்யா 6000'. சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், 'சமுத்ரயான்' திட்டத்துக்காக உருவாக்கியது. மூவரும் உட்காரும் உருண்டை அறையின் விட்டம் 2.1 மீட்டர். அவ்வளவு ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 600 கிலோ எடை அழுத்தும். அதைத் தாங்க, 80 மில்லிமீட்டர் தடிமனில் டைட்டானியம் உலோகக்கலவைச் சுவர்.

சின்னத் தவறுக்குக்கூட அங்கே மன்னிப்பு இல்லை. 2023 ஜூனில் டைட்டானிக் கப்பலின் சிதைவைப் பார்க்கப் போன 'டைட்டன்' நீர்மூழ்கி நசுங்கி, உள்ளே இருந்த ஐந்து பேரும் இறந்தார்கள்.

அதனால்தான் படிப்படியாக இறங்குகிறார்கள். 2021 அக்டோபரில் சென்னைக்கு அப்பால் வங்கக் கடலில், எஃகால் செய்த மாதிரி உருண்டையை 600 மீட்டர் வரை இறக்கிப் பார்த்தார்கள். 2025 ஜனவரி 27 முதல் பிப்ரவரி 12 வரை, காட்டுப்பள்ளி துறைமுகத்தில் முழு வாகனத்தையும் தண்ணீரில் இறக்கினார்கள். ஆட்கள் இல்லாமலும், ஆட்களோடும்!

துறைமுகத்தில் அலை குறைவு. ஏதாவது பிசகினால் உடனே மேலே தூக்கிவிடலாம். மிதப்பு, சமநிலை, மின்சாரம், முன்னும் பின்னும் நகர்வது, உள்ளே இருப்பவர்களின் உயிர்காப்பு வசதி எல்லாவற்றையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

ஆனால், ஒரு சிக்கல். நீருக்கடியில் பேசிக்கொள்ளும் கருவி அங்கே சரியாகக் கைகொடுக்கவில்லை. காரணம், ஆழம் போதவில்லை. ஆழமில்லாத நீரில் ஒலி, மேற்பரப்பிலும் தரையிலும் மோதி எதிரொலித்துக் குழம்பிவிடும். பாதுகாப்பைத் தந்த அதே ஆழக்குறைவு, பேச்சைக் கெடுத்துவிட்டது. அதற்கு ஆழ்கடலுக்குத்தான் போக வேண்டும். அடுத்த படி, 500 மீட்டர் சோதனை என்று திட்டமிட்டார்கள்.

சரி, 6,000 மீட்டருக்கு? வங்கக் கடலில் அந்த ஆழமே கிடையாது; அதிகபட்சம் சுமார் 4,700 மீட்டர்தான். இன்னும் தெற்கே, இந்தியப் பெருங்கடலின் நடுப்பகுதிக்குப் போக வேண்டும். இதே நிறுவனத்தின் ஆளில்லா வாகனமான 'ரோசப் 6000', 2010-லேயே அங்கே 5,289 மீட்டர் ஆழத்தைத் தொட்டுத் திரும்பியது.

ஆனால், அதற்குள் யாரும் இல்லை. மத்ஸ்யாவுக்குள் மூன்று உயிர்கள் இருக்கும். துறைமுகத்தில் தொடங்கிய பொறுமைக்குக் காரணம் அதுதான்!